ரெண்டடித் தொட்டிச் சிக்லிட்: ஆரை ஆரோட விடுற?

கல்லடியான் | ஆகஸ்ட் 9, இரவு 9.40

மகன்ட பிறந்தநாளுக்கு மீன் தொட்டி ஒண்டு வாங்கினன். நீளம் 2 அடி, அகலமும் உயரமும் ஒவ்வொரு அடி. கடையில "சிக்லிட் போடுங்க, ஆளைக் கண்டா கண்ணாடிக்கு வந்து நிக்கும், பிள்ளைகளுக்கு விளையாட்டா இருக்கும்" எண்டாங்க. பொய் சொல்லல்ல. வந்துதான் நிக்குது. ஆனா வந்து நிக்கிற ஆக்கள் நாளுக்கு நாள் குறையுது.

போட்ட கணக்கு இது: ஒஸ்கார் குஞ்சு 1, மஞ்சள் சிக்லிட் 2, வரி போட்ட கொன்விக்ட் 2, ஏஞ்சல் 1, நியோன் 8, டாங் கிளீனர் 1. இண்டையோட மூண்டு கிழமை. நியோன் ஒண்டுகூட இல்ல, செத்த உடம்பும் இல்ல. ஏஞ்சல்ட வால் பழஞ்சீலைக் கரை மாதிரிப் பிஞ்சு போச்சு, பில்டருக்குப் பின்னால ஒளிச்சு நிக்குது. மஞ்சள் ரெண்டும் மற்ற மூலையில. அரைவாசித் தொட்டிய கொன்விக்ட் ரெண்டும் பிடிச்சு வச்சிருக்கு. வீட்டுக்காரி கேக்கிறா, "இது மீன் தொட்டியா, மறியலா?" எண்டு.

கிணத்துத் தண்ணிதான் பாவிக்கிறன். எதை வச்சிருக்க, எதை எடுக்க?

நிந்தவூர் நானா | இரவு 10.05

தம்பி, நியோன் காணாமப் போகல்ல. ஒஸ்கார்ட வயித்துக்குள்ள இரிக்கி. வாய்க்குள்ள போற சைஸ் எண்டா அது ஒஸ்காருக்குக் கூட்டாளி இல்ல, சாப்பாடு.

ஒஸ்கார் ஒரு அடிக்கு மேல வளரும். உங்கட தொட்டிட அகலமே ஒரு அடிதான். வளந்தா கிறுகவே ஏலா. கடையில ரெண்டு அங்குலத்தில ஆட்டுக்குட்டி மாதிரி நிக்கும், மாசத்துக்கு ஒரு அங்குலம் ஏறும். டாங் கிளீனரும் அந்த மாதிரித்தான், பேரைக் கேட்டு ஏமாறாதீங்க. அது துப்புரவாக்கிறதை விடப் போடுற ஊத்தை கூட.

கொன்விக்ட் ரெண்டும் சோடி சேந்திட்டு. சட்டி கிட்டி ஏதாச்சும் வச்சிரிக்கீங்களா? இரிந்தா உள்ளுக்கு டோர்ச் அடிச்சுப் பாருங்க.

கல்லடியான் | இரவு 10.31

நானா நீங்க சாத்திரம் பாக்கிற ஆளா? உடைஞ்ச பூச்சட்டி ஒண்டு கவிட்டு வச்சிருந்தன். உட்பக்கச் சுவரில கடுகுக்கும் சவ்வரிசிக்கும் நடுவில ஒரு சைஸில, மங்கின மஞ்சளா, நூத்துக்கு மேல ஒட்டிக்கிடக்கு. வயித்தில செம்மஞ்சள் பூசின மாதிரி இருக்கிறது உள்ளுக்கு நிண்டு செட்டையால விசிறுது. மற்றது வாசலில. டோர்ச் வெளிச்சத்தக் கொத்த வந்திச்சு.

நிந்தவூர் நானா | இரவு 10.36

செம்மஞ்சள் வயிறு பொம்புளை. வாசலில நிக்கிறவர் மாப்பிள்ளை. இனி ஒரு மாசத்துக்கு அந்தத் தொட்டி அவங்கட சீதன வீடு. மத்தவங்களை இண்டைக்கே எடுத்தாலும் பிந்தினதுதான்.

ஏறாவூர் ஸ்பீட் | இரவு 11.12

எல்லாரும் பயங்காட்டாதீங்க. நான் இதே ரெண்டடியில 14 மலாவி மீன், ஆபிரிக்காவில மலாவி ஏரிச் சிக்லிட், வச்சிருக்கன். சண்டைக்கு மருந்து கூட்டம். நாலு மீன் எண்டா ஒண்டு அடிவாங்கிச் சாகும். பதினாலு எண்டா அடி பிரிஞ்சு போகும், ஒருத்தருக்கும் பெரிசாப் படாது. கல்லடியான், மஞ்சளை வச்சுக்கொண்டு இன்னும் பத்து நீலம், செம்மஞ்சள் வாங்கிப் போடுங்க. கலர்ப் படம் மாதிரி இருக்கும்.

வாவிக்கரை டீச்சர் | ஆகஸ்ட் 10, காலை 6.15

பள்ளிக்கூடம் இல்லாத நாள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"எந்தச் சிக்லிட் சாது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். விபரிக்கப்பட்ட சிக்லிட் இனங்களே 1,600க்கு மேல். அவற்றில் ஒன்று நம் சுண்டுவிரல் அளவு, இன்னொன்று முழங்கை நீளம். எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இவை பிள்ளை வளர்க்கும் மீன்கள். முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற கெண்டை மாதிரி இல்லை. காவல் நிற்கும், விசிறும், குஞ்சை வாயால் பொறுக்கிக் கூட்டுக்குள் துப்பும். அந்தக் காவலுக்குத்தான் சண்டை. ஆகவே வாங்க முன் கேட்க வேண்டியது "இது எங்கே முட்டை இடும்?" என்பது.

கொன்விக்ட் பொந்துக்குள் இடும். ஏஞ்சல் நிமிர்ந்து நிற்கும் அகல இலையில் இடும். மலாவி மஞ்சள் வாய்க்குள் அடைகாக்கும், ஆனால் ஆண் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி ஒருவரையும் விடாது. உங்கள் தொட்டியின் தரை எவ்வளவு? 2 சதுர அடி. ஒரு பாய்கூட விரிக்க இயலாத இடத்தில் நாலு குடும்பத்துக்குக் காணி பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி தண்ணீரின் அளவு. 61 × 30 × 30 செ.மீ. என்றால் 55 லீட்டர் என்று கடைக்காரர் சொல்வார். கீழே 4 செ.மீ. மணல், மேலே 3 செ.மீ. வெற்றிடம் கழித்துப் பாருங்கள். 42 லீட்டருக்குக் கிட்டத்தான் மிஞ்சும். கல், சட்டி போனால் இன்னும் குறையும்.

கல்லடியான், கேத்தலைத் திறந்து பார்த்து உள்ளே எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பகிடிக்குக் கேட்கவில்லை.

கல்லடியான் | காலை 7.02

டீச்சர், கேத்தலுக்குள்ள அடியில வெள்ளையா, சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி. கரண்டியால சுரண்டினாத்தான் கழருது. வீட்டுக்காரி மாசத்துக்கு ஒருக்கா தேசிக்காய் போட்டுக் கொதிக்க வைப்பா.

வாவிக்கரை டீச்சர் | காலை 7.20

அப்படியானால் வன்னீர், சுண்ணாம்பு கூடக் கரைந்த தண்ணீர். பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பார்க்கும் கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள், 7.5க்கு மேல்தான் காட்டும் என்று நினைக்கிறேன். நியோனும் ரமிரெசி என்கிற சின்னச் சிக்லிட்டும் உங்கள் வீட்டுக்கு வரவே கூடாத விருந்தாளிகள். அவை அமேசன், ஒரினோகோப் பக்கத்து மென்னீர் மீன்கள். தண்ணீருக்கு மருந்து போட்டு மீனுக்கு ஏற்றதாக மாற்றப் போகாதீர்கள். ஒவ்வொரு கிழமையும் மாற்ற வேண்டிவரும், ஒரு கிழமை மறந்தால் மீனுக்கு அதிர்ச்சி. தண்ணீருக்கு ஏற்ற மீனைப் பிடியுங்கள்.

சம்மாந்துறை மச்சான் | காலை 8.45

இதுக்கு எதிர்ப்பக்கம் நான். எங்களுக்குக் குழாய்த் தண்ணி. கேத்தல் வாங்கி நாலு வருஷம், உள்ளுக்குக் கண்ணாடி மாதிரி. ரெண்டடித் தொட்டியில ரமிரெசி ஒரு சோடி, மேல ரஸ்போரா பத்து. மீனுக்குச் சூடும் விருப்பம், 28, 29 பாகையில சந்தோஷமா நிக்கும், ஹீட்டர் செலவு இல்ல. காய்ஞ்ச வாதுமை இலை ரெண்டு போட்டா தண்ணி தேத்தண்ணி நிறமாகும், அதுதான் அதுக்குப் பிடிச்சது.

ஆனா பழைய தொட்டியிலதான் விடோணும். முதல் தரம் புதுத் தொட்டியில விட்டு ஆறு நாளில ரெண்டும் போச்சு. குழாய்த் தண்ணிய ஒரு நாள் வாளியில வச்சுக் குளோரின் போனாப் பிறகுதான் ஊத்துற. அதையும் சொல்லிடுறன்.

கல்லடியான் | காலை 9.10

பழைய தொட்டி எண்டா? நான் தொட்டி வாங்கின அண்டைக்கே மீனும் வாங்கிட்டன்.

நிந்தவூர் நானா | காலை 9.48

எல்லாரும் செய்யிறதுதான். மீன் போடுற கழிவில அமோனியா வரும். அதைத் தின்னுற பக்றீரியா பில்டர் பஞ்சில ஊறி வளர நாலில இருந்து ஆறு கிழமை எடுக்கும். ஒரு கூட்டம் அமோனியாவ நைத்ரைற்றா மாத்தும், மத்தக் கூட்டம் அதை நைத்ரேற்றா மாத்தும். அது வரைக்கும் மீன் தன்ட மூத்திரத்துக்குள்ளயே நிக்கிது. பஞ்சைக் குழாய்க்குக் கீழ பிடிச்சுக் கழுவாதீங்க, தொட்டித் தண்ணியில ஒரு பேசினுக்குள்ள அலசுங்க. இல்லாட்டி வளந்த பக்றீரியாவும் போயிரும்.

வாவிக்கரை டீச்சர் | காலை 10.05

நானா சொன்னதோடு ஒன்று. வன்னீர்க்காரருக்கு இதில் ஆபத்து அதிகம். அதே அளவு அமோனியா, அதே 30 பாகைச் சூடு. ஆனால் பி.எச். 7இல் இருப்பதைவிட 8இல் நச்சு வடிவமாக நிற்கும் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு. "தண்ணி தெளிவாத்தானே இருக்கு" என்று சொல்லிச் சொல்லி மீன் சாகக் கொடுப்பது இதனால்தான்.

ஏறாவூர் ஸ்பீட் | பகல் 12.30

கெமிஸ்ட்ரி வகுப்பு முடிஞ்சா நான் கேட்டதுக்கும் ஆராவது பதில் சொல்லுங்க. மலாவி ஏரித் தண்ணியும் வன்னீர்தானே, பி.எச். 8 வரும். கல்லடியான்ட கிணறு அதுக்குச் சரி. மறுகா என்ன?

நிந்தவூர் நானா | பகல் 1.55

தொழுதிட்டு வந்துதான் பார்த்தன். ஸ்பீட் தம்பி, தண்ணி சரி. கூட்டமாப் போட்டா அடி பிரியும் எண்டதும் சரி, மலாவிக்காரர் எல்லாரும் செய்யிறதுதான். ஆனா அது நாலடித் தொட்டிக் கணக்கு. நாலடியில ஓடுற மீன் மத்தக் கரைக்குப் போய்க் கல்லுக்குப் பின்னால மறையும். ரெண்டடியில எங்க ஓடினாலும் அடிக்கிறவன்ட கண்ணுக்கு முன்னாலதான் நிக்கும்.

ஒரு கேள்வி. கோவிக்காமச் சொல்லுங்க. இப்ப இரிக்கிற பதினாலில, முதல் நாள் போட்டது எத்தினை?

ஏறாவூர் ஸ்பீட் | பகல் 3.20

நாலு.

ஏறாவூர் ஸ்பீட் | பகல் 3.24

சரி மூண்டு. ஒண்டு போன கிழமை.

களுதாவளை அக்கா | மாலை 4.10

🙂 தம்பி உண்மை சொன்னதுக்கு ஒரு கும்பிடு. நானும் அந்த வழியால வந்தவதான். மலாவிக்கு நான் விட்ட பிழை சாப்பாடு. அந்தக் கல்லு மீன்கள் அங்க பாசி சுரண்டித் திண்டு வாழுறது. நான் பாசத்தில நாளுக்கு ரெண்டு தரம் இறைச்சிப் புழு போட்டன். வயிறு ஊதி, வெள்ளை நூல் மாதிரிக் கழிச்சு, ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போச்சு. பாசி கலந்த தீன், அவிச்ச கீரை, அவ்வளவுதான் அதுக்கு.

இப்ப நான் வச்சிருக்கிறது வேற. ரெண்டடித் தொட்டிக்கெண்டே பிறந்த சிக்லிட் ஒண்டு இருக்கெண்டா நம்புவீங்களா? தங்கனிக்கா ஏரியில சிப்பிக்குள்ள குடியிருக்கிற மல்ட்டி. வளந்தாலும் ரெண்டு அங்குலத்துக்கு மேல போகாது. மகள் கொழும்பில படிக்கக்குள்ள ஆறு குஞ்சு எடுப்பிச்சன், இப்ப முப்பதுக்கு மேல. அதுக்கும் கேத்தல் வெளுக்கிற தண்ணிதான் வேணும், எங்கட கிணறு பி.எச். 8.

வீடு நம்மட வயல் நத்தைச் சுரி. வரம்பு வழிய வெறும் சுரி பொறுக்கி, நல்லா அவிச்சு, உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் போற வரைக்கும் கழுவி, ஒரு மீனுக்கு ரெண்டு சுரி எண்டு போட்டன். கடற்கரையில பொறுக்கிற ஒடுங்கின சுரியில சின்னது போய் இறுகிச் செத்தது, அதனால வாய் அகண்டதுதான். மணல் மூண்டு விரல் ஆழம் போடோணும். ஒவ்வொண்டும் தன்ட சுரிக்கு முன்னால வாயால மணல் அள்ளித் துப்பி, கிடங்கு கிண்டி, சுரிய வாய் மட்டும் தெரியத் தாட்டு வைக்கும். பக்கத்து வீட்டுக்காரன் அந்த மணலை இவன்ட வாசலில துப்புவான். இவன் திருப்பி அங்க துப்புவான். வேலிச் சண்டைதான், ஆனா காயம் ஒருத்தருக்கும் இல்ல.

பொத்துவில் புதுசு | மாலை 4.40

குறுக்க கேக்கிறன். பைட்டர் மீனையும் சிக்லிட்டையும் சேத்து வைக்க ஏலுமா?

நிந்தவூர் நானா | மாலை 4.41

ஏலா.

கல்லடியான் | இரவு 8.15

அக்காட சுரிக் கதை நல்லாருக்கு. ஆனா மகன் கலர் கேக்கிறான், "சாம்பல் மீன் வேணாம்" எண்டு ஒரே பிடி. கொன்விக்ட்டையும் வேணாமாம்.

இதுக்கிடையில ஒஸ்காரை என்ன செய்யிற? பாலத்தடியில மட்டக்களப்பு வாவிக்குள்ள விட்டா என்ன? பாவம், பெரிய தண்ணியில போய்ச் சந்தோஷமா இருக்கட்டும். டாங் கிளீனரையும் அதோட.

வாவிக்கரை டீச்சர் | இரவு 8.22

வேண்டாம். தயவு செய்து வேண்டாம். சோறு அடுப்பில் கிடக்கிறது, வந்து எழுதுகிறேன்.

வாவிக்கரை டீச்சர் | இரவு 9.15

சந்தையில் யப்பான் மீன் என்று வாங்குகிறோமே, திலாப்பியா, அதுவும் ஒரு சிக்லிட்தான். பெயர் யப்பான், ஊர் ஆபிரிக்கா, மொசாம்பிக் பக்கம். இலங்கைக்குக் கொண்டுவந்தது 1952இல். குளங்களில் சாப்பாட்டு மீன் பெருக வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தது, அது பலித்தது. இன்றைக்குக் குளத்து மீன்பிடியில் பெரும்பங்கு அதுதான், எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது அதனால். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் விட்ட மீனைத் திரும்ப எடுக்க இயலாது என்பதற்கு அதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. எழுபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளும் வலை போடுகிறோம், முடிந்ததா?

டாங் கிளீனர் ஏற்கனவே இலங்கையின் ஆறு குளங்களில் பெருகிவிட்டது. அலங்கார மீனாக வந்து வெளியே போனதுதான். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, செட்டையில் முள். வலையில் சிக்கினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும், எடுத்தாலும் வாங்க ஆளில்லை. வீச்சுவலை வைத்துப் பிழைக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், மரியாதையான வார்த்தையில் பதில் வராது.

நிந்தவூர் நானா | இரவு 9.40

ஒஸ்காரையும் கிளீனரையும் என்னட்டக் கொண்டாங்க. வீட்டுக்குப் பின்னால சீமெந்துத் தொட்டி இரிக்கி, 1,000 லீட்டர். ஏற்கனவே அங்க ரெண்டு ஒஸ்கார், ஊரார் வளக்க ஏலாமத் தந்தது. ஒரு கண்ணாடித் தடுப்புப் போட்டுப் பழக்கிட்டுச் சேக்கிறன். வரக்குள்ள பையில மூண்டில ஒரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து. தண்ணி கூட இரிந்தாத்தான் நல்லமெண்டு நினைச்சு நிரப்பிக் கொண்டந்து மூச்சு முட்டிச் செத்த மீன் நிறையக் கண்டிரிக்கன்.

சம்மாந்துறை மச்சான் | இரவு 9.52

ஏஞ்சலை எனக்குத் தாங்க. என்ட மற்றத் தொட்டி ஒண்டரை அடி உயரம், தண்ணியும் அதுக்குச் சரி. வால் திரும்ப வளரும், அடிதான் நிக்கோணும்.

ஏறாவூர் ஸ்பீட் | இரவு 10.30

மஞ்சள் ரெண்டும் எனக்கு. நாலடித் தொட்டிக்கு ஓடர் குடுத்திட்டன். சிரிக்காதீங்க.

வாவிக்கரை டீச்சர் | ஆகஸ்ட் 11, காலை 6.05

கல்லடியான், கலர் வேண்டும், வன்னீர் தாங்க வேண்டும், ரெண்டடிக்குள் குடும்பம் நடத்த வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துகிற சிக்லிட் உங்கள் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வாவியில்.

ஆசியாவுக்கென்று இருக்கும் சிக்லிட் விரல் விட்டு எண்ணக் கூடியவை, அவற்றில் இரண்டு நம் ஊர் மீன்கள். பெரியது, உடம்பில் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளி, சிங்களத்தில் கோரளியா என்பார்கள். பொரித்துத் தின்கிறோம். அது ஒரு சாணுக்கு மேல் போகும், உங்கள் தொட்டிக்கு வேண்டாம். சின்னது செம்மஞ்சள் குரோமைட். எட்டு செ.மீ. வட்டமான மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு, வயிற்றுச் செட்டை இரண்டும் மை தோய்த்தது மாதிரிக் கறுப்பு. கடையில் வருவது இன்னும் கடும் செம்மஞ்சள், வளர்த்துத் தெரிந்தெடுத்த வகை.

மாரியில் முகத்துவாரம் வெட்டினால் வாவி ஒரு தண்ணீர், கச்சான் காற்றுக் காலத்தில் வேறு தண்ணீர். நன்னீர், உவர்நீர் இரண்டுக்கும் பழகிய மீன் அது.

நிந்தவூர் நானா | காலை 7.30

டீச்சர் சொன்ன பிறகு எனக்கே வெக்கமா இரிக்கி. முப்பது வருஷமா மீன் வளக்கன், அதை இறால்காரன்ட அத்தாங்கில கண்டு தூக்கி எறிஞ்சிரிக்கன்.

ஒரு சந்தேகம். உப்புப் போடோணும் எண்டு சிலர் சொல்றாங்க, உப்பில்லாட்டிப் பங்கஸ் பிடிக்குமாம்.

வாவிக்கரை டீச்சர் | காலை 7.50

மென்னீரில் வைத்தால் அந்தப் பிரச்சினை வரும். கேத்தல் வெளுக்கிற தண்ணீரில் உப்பே இல்லாமல் ஆறு வருடம் வைத்திருக்கிறேன். உப்புப் போடுவதென்றால் கூட வரும் மீனையும் அதற்கு ஏற்றாற்போல் எடுக்க வேண்டும். கொரிடோராஸ் மாதிரிக் கெளிறுகள் உப்பைத் தாங்கா.

களுதாவளை அக்கா | காலை 8.30

நான் மறுக்கிறன் டீச்சர். வாவியில பிடிச்சதெண்டா உப்பிலேயே நிண்டது. ஒரேயடியா நன்னீரில போட்டா நொந்து போகும். வாவித் தண்ணி ஒரு கானில எடுத்து, அதில விட்டு, நாளுக்கு ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா கிணத்துத் தண்ணி கலந்து, ஒரு கிழமையில மாத்திறதுதான் முறை. தனி வாளியில, புழு பூச்சி இருக்கா எண்டும் பாத்துக்கொள்ளலாம்.

வாவிக்கரை டீச்சர் | காலை 8.41

அக்கா சொன்னது சரி. என்னுடையவை கடையில் வாங்கியவை, அதனால் அந்த அனுபவம் எனக்கு இல்லை.

கல்லடியான் | காலை 9.05

ஒரு சோடி வாங்கினாக் காணுமா? அதோட வேற என்ன விடலாம்?

நிந்தவூர் நானா | காலை 9.30

சோடி எண்டு கடையில தாறது சோடி இல்ல. ஆண் பொண் பிரிச்சு அறியிறது கஷ்டம். சின்னதா ஆறு எடுங்க. வளரக்குள்ள ரெண்டு ஒண்டா ஒதுங்கும், ஒரு கல்லைத் துடைக்கத் தொடங்கும். அண்டைக்கு மத்த நாலையும் எடுங்க. அதுகளா சேந்த சோடிதான் நிலைக்கும்.

கூட்டாளி எதுக்கெண்டா கேளுங்க. மேல நாலு மீன் பயமில்லாமத் திரிஞ்சாத்தான் கீழ இரிக்கிற சிக்லிட் "ஆபத்து ஒண்டுமில்ல" எண்டு வெளியில வரும். தனியா விட்டா நாள் முழுக்கச் சட்டிக்குள்ளதான் கிடக்கும். இன்னொண்டு, வெளியில விரட்ட ஆள் இல்லாட்டி மாப்பிள்ளை பொஞ்சாதிய விரட்டுவார். மனுசனும் அப்படித்தான், அதை விடுங்க.

ஆனா கூட்டாளி மேல் தண்ணி மீனா இரிக்கணும். தரைக்கு இறங்கிற எதையும் விடாதீங்க.

வாவிக்கரை டீச்சர் | காலை 9.55

மொலி நாலைந்து. வன்னீரும் உப்பும் இரண்டும் அதற்குச் சம்மதம். கப்பியும் இருக்கும், ஆனால் ஆணின் நீண்ட வாலைக் கொத்துவதைக் கண்டிருக்கிறேன். டைகர் பார்ப் வேண்டாம், அது கொத்துகிற பக்கம்.

வயல் வாய்க்காலில் மேலே மிதந்து திரியும், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மினுங்கும், சின்னதாக ஒன்று தெரியுமா? சிறுவயதில் போத்தலில் பிடித்திருப்பீர்கள். தண்ணீர் மட்டத்தை விட்டுக் கீழே இறங்காது. என் தொட்டியில் அதுதான் ஐந்து நிற்கிறது. குரோமைட் குஞ்சு மேலே வந்தால் இது விழுங்கும், அது ஒரு குறை. மூடி போடுங்கள், பாயும்.

ஏறாவூர் ஸ்பீட் | காலை 11.00

பழைய தொட்டியில புது மீன் விடக்குள்ள கல்லு, சட்டி எல்லாத்தையும் இடம் மாத்தி வைங்க. பழசுக்குத் தன்ட காணி எது எண்டு தெரியாமப் போகும், புதுசும் பழசும் ஒரே நாளில இருந்து தொடங்கும். லைட்டை நிப்பாட்டிப் போட்டு விடுங்க. இதாவது நான் சரியாச் செய்யிறன்.

நிந்தவூர் நானா | காலை 11.04

இது நல்ல யோசினை. எழுதி வச்சுக்கொள்ளுங்க கல்லடியான்.

கல்லடியான் | ஆகஸ்ட் 24, இரவு 8.50

ஒஸ்காரும் கிளீனரும் பஸ்ஸில மடியில இருந்து போய் நிந்தவூரில இறங்கிச்சு. பக்கத்தில இருந்த ஐயா ஒருத்தர் களுவாஞ்சிகுடி வரைக்கும் பையைப் பாத்துக்கொண்டே வந்து, "தம்பி, இது கறிக்கா?" எண்டார். நானா வீட்டில சாப்பிடாம விடல்ல. ஏஞ்சலும் மஞ்சளும் கேட்ட இடத்துக்குப் போய்ச் சேந்திட்டு.

கொன்விக்ட் குடும்பத்தைத் தம்பி ஒருத்தன் சட்டியோட தூக்கிக்கொண்டு போனான். குஞ்சு பெருகினா ஆரும் எடுக்க மாட்டாங்க எண்டு சொல்லித்தான் குடுத்தன்.

தொட்டியில இப்ப செம்மஞ்சள் குரோமைட் 6, மொலி 4. கடை மீன்தான். பில்டர் பஞ்சை மாத்தல்ல.

கல்லடியான் | நவம்பர் 2, இரவு 9.20

பழைய இழையக் கிளப்பிறதுக்கு மன்னிக்கோணும். ஆறில ரெண்டு மீன் சோடியாச் சேந்து, போன மாசம் மற்ற நாலையும் டீச்சர் வந்து எடுத்துக்கொண்டு போனா. முதல் முட்டைய மூண்டாம் நாள் அதுகளே திண்டிட்டு. இந்தத் தரம் திங்கல்ல. சட்டியில ஒவ்வொரு முட்டையும் சின்னக் காம்பில தொங்கிற மாதிரி ஒட்டிக்கிடந்திச்சு, ஆறாம் நாள் விடிய எல்லாம் கிடங்குக்குள்ள துடிச்சுக்கொண்டு கிடந்திச்சு. முந்தநாள்தான் நீந்தத் தொடங்கினது.

தாயும் தகப்பனும் அந்தக் கறுப்புச் செட்டைய ரெண்டு மூண்டு தரம் படக்கு படக்கெண்டு அடிக்குது, உடன எல்லாக் குஞ்சும் கூடிக் கிட்ட வருது. டோர்ச் அடிச்சாலும் அதையே செய்யுது. மறுகா குஞ்சுகள் தாயிட விலாவில போய்க் கொத்திக்கொண்டே நிக்குது. காயப்படுத்துதா?

வாவிக்கரை டீச்சர் | இரவு 9.41

இல்லை, விடுங்கள். பெற்றோரின் தோலில் சுரக்கும் சளியை அவை தின்கின்றன. முதல் கிழமைகளில் அது முக்கியமான சாப்பாடு. பெற்றோரைப் பிரித்து எடுத்துவிடாதீர்கள். அந்தச் செட்டை அடிப்பு "கிட்ட வாங்க" என்று கூப்பிடுவது. நீங்கள் டோர்ச் அடிக்காமல் இருந்தால் அடிக்கடி கூப்பிட வேண்டி வராது.

கல்லடியான் | இரவு 9.50

சரி டீச்சர், மகனிட்ட டோர்ச்சைப் பறிச்சிட்டன்.

நாளைக்கு நாளண்டைக்கு வாடை தொடங்கினாக் கரண்ட் போகும். 2022இல கரண்ட் வெட்டின மாதிரி 13 மணித்தியாலம் போகாட்டியும், ராவில நாலு மணித்தியாலம் போனாலும் குஞ்சுகள் தாங்குமா? பட்டரியில ஓடுற எயார் பம்ப் ஆரிட்டயும் இருக்கா?

நிந்தவூர் நானா | இரவு 10.02

என்னட்ட ரெண்டு இரிக்கி, ஒண்டு சும்மா கிடக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாங்க. பம்ப் வரும் வரைக்கும் கரண்ட் போனாத் தீன் போடாதீங்க, ஒரு கோப்பையால தண்ணிய அள்ளி ஒரு சாண் உயரத்தில இருந்து ஊத்துங்க, குஞ்சு நிக்கிற பக்கம் இல்லாம.

வரக்குள்ள மகனையும் கூட்டிட்டு வாங்க. அவன்ட ஒஸ்கார் இப்ப என்ட உள்ளங்கை நீளம்.